உயிரியலில் பிஎச்டி: ஊரிலா, பெங்களூரிலா, வெளிநாட்டிலா?

எம்எஸ்சி கடைசி செமஸ்டரில் இருக்கும் உயிரியல் பிள்ளைகள் போன் செய்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வரும். "அக்கா, பிஎச்டி எங்க பண்ணலாம்?" கேட்ட கையோடு நான்கு வழிகளை அவர்களே அடுக்கிவிடுவார்கள். தெரிந்த பேராசிரியரிடம் ஊரிலேயே சேரலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் போகலாம். ஜெர்மனிக்கு மெயில் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் கேட்பது வேறு: மாதம் எவ்வளவு வரும், எத்தனை வருஷம் ஆகும், முடித்தால் என்ன வேலை?

எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்த நான்கு வழிகளும் உண்மையில் வேறுபடும் இடம் இன்னொன்று என்பது என் கருத்து. அங்கே உங்கள் ஆய்வை வழிநடத்தும் கைடை எந்தக் கட்டத்தில், எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? ஒத்துவராவிட்டால் படிப்பை விடாமல் லேபை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா? உயிரியலில் இந்தக் கேள்வி மற்ற துறைகளைவிட அதிகம் உறைக்கும். செல் வளர்க்கும் அறை, எலிகள், ஆன்டிபாடி, சீக்வென்சிங் செலவு எல்லாம் கைடின் நிதியிலிருந்துதான் வருகின்றன. அவர் கை வைக்காமல் உங்கள் சோதனை ஓர் அடி நகராது. அதனால் சம்பளக் கணக்கைவிட இதற்கே முதலிடம் கொடுத்து ஒவ்வொரு வழியாகப் பார்க்கிறேன்.

மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அதில் இணைந்த கல்லூரிகளிலும் கைடைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஆகவே இடம் காலியாக இருக்கும் ஒருவரைத் தேடிப் போய், சம்மதம் வாங்கி, அப்புறம்தான் பதிவு. அவர் லேபில் ஒரு வாரம்கூட வேலை பார்க்காமலேயே பெரும்பாலானோர் இந்த முடிவை எடுக்கிறார்கள். எம்எஸ்சி ப்ராஜெக்ட்டை அதே லேபில் செய்தவர்களுக்கு மட்டும் இந்தக் குறை இல்லை.

ஆனாலும் இந்த வழியை இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. உயிர் இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி வடிவத்தைச் சொன்னது 1950களில், சென்னைப் பல்கலைக்கழகத்தில். புரத அமைப்பைச் சரிபார்க்க உலகம் முழுக்க இன்றும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு அவர் வெளியிட்டது, அதுவும் அங்கிருந்துதான். எம்.கே. சந்திரசேகரன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பக்கத்துக் குகை வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார். பகலும் இரவும் தெரியாத ஓர் அறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களுடைய உடல் கடிகாரத்தையும் அளந்தார்.

பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான் சில தலைப்புகளுக்குச் சரி. கடல் உயிரியல் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தின் மேலேயே இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடு அருகில். காசநோய் என்றால் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டிய சென்னை ஆய்வு 1950களின் இறுதியில் அங்கே நடந்ததுதான். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளையைப் படிக்க ஆசைப்படுகிறவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார்?

பண விஷயம் இந்த வழியில் இரண்டு விதம். சிஎஸ்ஐஆர் (மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம்) அல்லது யுஜிசி தரும் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கையில் இருந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்ஆர்எஃப் என்ற மூத்த நிலைக்கு உயர்ந்ததும் 42,000, அதன்மேல் வீட்டு வாடகைப் படி. இந்தத் தொகை 2023 ஜனவரியிலிருந்து அமலில் உள்ளது. இந்தப் பணம் உங்கள் பெயரில் வருகிறது. கைடோடு ஒத்துவராவிட்டாலும் ஃபெலோஷிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறு கைடிடம் பேச முடியும். தாமதமாக வருகிறது என்ற புலம்பல் எல்லா வளாகத்திலும் உண்டு, அதைத் தாங்கச் சில மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். ஆனாலும் அந்தப் பணம் தரும் சுதந்திரம் பெரியது.

ஜேஆர்எஃப் இல்லாதவர்களை ப்ராஜெக்ட்டில் எடுப்பார்கள். இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசு நிதி வாங்கிய ப்ராஜெக்ட் பெரும்பாலும் மூன்று வருஷம். பிஎச்டி ஐந்து வருஷம் இழுக்கும். "முதல்ல ப்ராஜெக்ட்ல சேரும்மா, ரிஜிஸ்ட்ரேஷன் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லப்படும்போது, அந்த அப்புறம் எப்போது என்று தேதி கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதிவு செய்யாமல் போன ஒரு வருஷம் எந்தக் கணக்கிலும் வராது. ப்ராஜெக்ட் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் இரண்டு வருஷத்தைச் சம்பளமில்லாமல், பகுதிநேரமாகப் பாடம் நடத்தி ஓட்டியவர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். அதில் அதிகம் அடிபடுவது பெண்பிள்ளைகள்தான். வருமானமில்லாத மகளின் ஆராய்ச்சிக்கு வீடு எவ்வளவு காலம் பொறுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதே 2022 விதிகள் அதிகபட்சம் ஆறு வருஷம் என்று வைத்துவிட்டு, பெண் ஆய்வாளருக்கு மேலும் இரண்டு வருஷம் தருகின்றன. 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. திருமணமாகி ஊர் மாறினால் அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. அலுவலகத்தில் இதையெல்லாம் தாமாகச் சொல்ல மாட்டார்கள், விதியின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அடுத்து தேசிய நிறுவனங்கள். பெங்களூரில் என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம்), ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்), ஹைதராபாதில் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்), திருப்பதி, திருவனந்தபுரம், புனே ஐசர்கள் (அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்), சென்னையிலேயே ஐஐடி. இவற்றுக்கு நுழைவு வழிகள் பல: சிஎஸ்ஐஆர் நெட், டிபிடி (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) உதவித்தொகைக்கான பெட் தேர்வு, சில இடங்களுக்கு கேட் தேர்வு, என்சிபிஎஸ் உள்ளிட்ட பல நிறுவனங்களுக்குப் பொதுவான ஜேகீபில்ஸ் நுழைவுத் தேர்வு. தேர்வைத் தாண்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி நேர்காணல். நம் ஊர் மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

அவர்கள் கேட்பது பெரிய கேள்வியாகவே இருக்காது. புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையின் படத்தைத் திரையில் போட்டு, "இதில் எந்தக் கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) விட்டுப்போயிருக்கிறது?" என்பார்கள். உங்கள் எம்எஸ்சி ப்ராஜெக்ட்டில் செடிச்சாற்றை நுண்ணுயிர் மேல் விட்டு, நுண்ணுயிர் வளராமல் தெளிந்த வட்டத்தை அளந்திருப்பீர்கள். "சாற்றைக் கரைத்த மெத்தனாலே அந்த நுண்ணுயிரைக் கொன்றிருக்காதா? மெத்தனாலை மட்டும் விட்டுப் பார்த்தாயா?" என்பார்கள். புத்தகத்தை மனப்பாடம் செய்து நெட்டில் நல்ல ரேங்க் வாங்கியவர் இங்கே திணறுவார். சொந்தமாகச் சோதனை செய்து இரண்டு முறை சொதப்பியவர் நிதானமாகப் பேசுவார். இந்திய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருந்துவிட்டு வந்தால் இந்தப் பேச்சுப் பழக்கம் தானாக வந்துவிடும்.

என்சிபிஎஸ் போன்ற இடங்களில் முதல் வருஷம் சில லேபுகளில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு அப்புறம் கைடைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டுக்குள்ளேயே கைடைப் பழகிப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு இது. என் கணக்கில் இதற்கு நிறைய மதிப்பெண். ஒரே மாடியில் ஈ, மூளை, புரதம், யானை என்று வேறு வேறு ஆட்கள் இருப்பதும், உங்கள் கைடு ஊரில் இல்லாதபோது சோதனையைப் பற்றி விவாதிக்கப் பக்கத்து அறையில் இன்னொருவர் கிடைப்பதும் சாதாரணப் பல்கலைக்கழகத்தில் கிடைக்காத வசதி. ஐந்தரை, ஆறு வருஷம் ஆவது இங்கே சகஜம்.

இந்தியாவில் எங்கே செய்தாலும் ஒரு சிரமம் பொது: பொருள் வாங்குவது. ஓர் ஆன்டிபாடி வேண்டும் என்றால் மூன்று கொட்டேஷன், கொள்முதல் பிரிவு, கையெழுத்து, இறக்குமதி, சுங்கம் என்று அது வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் பயணம் செய்யும். வந்து சேரும்போது உலர்பனி கரைந்து பெட்டி வெதுவெதுப்பாக இருந்தால் எல்லாம் முதலிலிருந்து. 2025 ஜூனில் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது நல்ல செய்தி. ஐரோப்பாவிலோ, நடைக்கூடத்தில் ஒரு ஃப்ரீசர் இருக்கும். தேவையான என்சைமை எடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டு மதியமே வேலையைத் தொடங்கலாம். கைவேலை நிறைய உள்ள மாலிக்குலர் பயாலஜிக்கு இந்த வித்தியாசம் வருஷக்கணக்கில் போய் நிற்கும். கணினியில் மரபணுத் தரவை அலசுபவருக்கும், காட்டில் பறவையைப் பின்தொடர்பவருக்கும் இது பெரிய பொருட்டில்லை. எனவே துறை எது என்று பார்க்காமல் "வெளிநாடுதான் மேல்" என்று சொல்வது பொருந்தாது.

ஜெர்மனிக்கு வருவோம். அங்கே பிஎச்டி பெரும்பாலும் ஒரு வேலை. டிவி-எல் இ13 என்ற அரசுச் சம்பள விகிதத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். உயிர் அறிவியலில் வழக்கமாக அதில் 65 சதவீதம். வரியும் காப்பீடும் போகக் கையில் மாதம் ஏறத்தாழ 2,000 யூரோ நிற்கும். கல்விக் கட்டணம் கிடையாது, வருஷத்துக்கு 30 நாள் அளவுக்கு விடுப்பு உண்டு, மருத்துவக் காப்பீடு சம்பளத்தோடு வந்துவிடும். மனைவியோ கணவரோ கூட வந்தால் அவரும் வேலைக்குப் போகலாம். மூன்றரை, நான்கு வருஷத்தில் முடியும். நம் எம்எஸ்சி இங்கே முழுசாகக் கணக்கில் வருகிறது. அதைவிட முக்கியம், நெட் மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. நெட்டில் இரண்டு மூன்று தடவை நூலிழையில் தவறவிட்டு, கையில் நல்ல லேப் அனுபவம் உள்ள பிள்ளைகள் தங்களை மட்டமாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்களுக்கு இது திறந்திருக்கும் கதவு.

நுழைவதற்கு இரண்டு வழி. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் சர்வதேச ஆராய்ச்சிப் பள்ளிகள், ஹைடல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட இஎம்பிஎல் (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்), பக்கத்து ஆஸ்திரியாவில் வியன்னா பயோசென்டர் போன்றவை குழுவாகத் தேர்வு நடத்தும். அழைத்துப் போய் இரண்டு மூன்று நாள் தங்கவைத்துப் பல கைடுகளோடு பேசவிடுவதும் உண்டு. சில பள்ளிகளில் லேப் மாறி மாறி வேலை பார்க்கும் ரொட்டேஷனும் இருக்கிறது. இன்னொரு வழி, விளம்பரம் பார்த்து நேரடியாக ஒரு பேராசிரியரிடம் விண்ணப்பிப்பது. இதில் இரண்டு வீடியோ அழைப்பில் எல்லாம் முடிந்துவிடும். வேலை கொடுப்பவரும் அவரே, ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போடுபவரும் பெரும்பாலும் அவரே. ஒப்பந்தம் தீரும்போது நீட்டிப்பதும் அவர் நிதியைப் பொறுத்தது. ஊர் தெரியாது, மொழி தெரியாது, குடியிருப்பு அனுமதி அந்த ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் குழுவாகத் தேர்வு செய்யும் பள்ளிக்கே முதலில் விண்ணப்பிக்கச் சொல்வேன். நேரடியாகப் போவதென்றால் உங்கள் ஆய்வை மேற்பார்வையிடும் குழுவில் கைடைத் தவிர யார் யார் இருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் பிஎச்டி இடங்களுக்கும் இதே தகுதி போதும். சேரும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இது சாதகம்தான். பிரிட்டன் நல்ல இடம், ஆனால் அரசு நிதியில் நடக்கும் பயிற்சித் திட்டங்களில் வெளிநாட்டவருக்கு 30 சதவீத வரம்பு இருப்பதால் போட்டி கடுமை. காமன்வெல்த், கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகை கிடைத்தால் பாருங்கள். சிங்கப்பூரில் சிங்கா என்ற பிஎச்டி உதவித்தொகை உண்டு, நான்கு வருஷம்.

அமெரிக்காவின் பலம் அதன் முதல் வருஷம். பெரும்பாலான உயிரியல் திட்டங்களில் துறைக்குத்தான் சேர்வீர்கள். மூன்று லேபில் சில வாரங்கள் வீதம் வேலை பார்த்து, அவர்களுக்கும் உங்களுக்கும் பிடித்தால் கைடு. இரண்டாம் வருஷம் தகுதித் தேர்வு. கட்டணம் தள்ளுபடி, உதவித்தொகை உண்டு. இளநிலைப் பட்டத்தோடு நேராகப் போகலாம், ஜிஆர்இ நுழைவுத் தேர்வைப் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். என்ன படிக்க வேண்டும் என்று இன்னும் தெளியாதவருக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு வேறில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் ஒஹையோவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, சான் டியேகோவில் உயிரியல் மாணவராக மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் பெற்றது அந்தத் திருப்பத்தால்தான்.

இருந்தும் இப்போதைக்கு அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உயிரியல் துறைகள் என்ஐஎச் (அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம்) பயிற்சி நிதியில் நிறைய ஓடுகின்றன. அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். அதனால் வெளிநாட்டவருக்கான இடம் எப்போதுமே குறைவு. 2025இல் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது பல திட்டங்கள் சேர்க்கையைச் சுருக்கின. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றது. நம் எம்எஸ்சி இரண்டு வருஷத்துக்காக அங்கே படிப்புக் காலம் பெரிதாகக் குறையாது, ஐந்தரை, ஆறு வருஷம் ஆகும். கூட வரும் துணைக்கு எஃப்-2 விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 75 முதல் 100 டாலர் வரை ஆகும். கட்டணத் தள்ளுபடியைப் பல இடங்களில் கேட்டால் தருகிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

எனக்கு யாராவது தங்கள் நிலைமையைச் சொன்னால் இப்படித்தான் பதில் சொல்வேன். ஜேஆர்எஃப் இருக்கிறது, கேள்வி நம் கடல், காடு, பயிர், நோய் சார்ந்தது என்றால் இங்கேயே இருங்கள். ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்க லேபில் இருந்து வர ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு ஃபெலோஷிப்புக்குப் பதிவு செய்தபின் முயலுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் கனவு என்றால், 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும், பிஎச்டி கட்டாயமில்லை. அவசரப்பட்டுக் கிடைத்த கைடிடம் சேர வேண்டியதில்லை. சொந்த லேப் நடத்தும் ஆசை இருப்பவர் ஒரு தேசிய நிறுவனத்தில் பிஎச்டி, வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) என்று போவது நன்றாகத் தேய்ந்த பாதை. பிஎச்டியே வெளிநாட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஜேஆர்எஃப் இல்லை, லேப் அனுபவம் இருக்கிறது, எம்எஸ்சி முடிந்தது என்றால் ஐரோப்பா. மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபெலோஷிப்பும் இல்லாமல், தெரியாத கைடிடம், "சும்மா இருப்பதற்கு இதாவது" என்று சேர்வதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் ஒரு வருஷம் நல்ல லேபில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டாக, பிஎச்டி பேச்சே இல்லாமல், சம்பளத்துக்கு வேலை பாருங்கள்.

எந்த வழியானாலும் கைடை விசாரிப்பது உங்கள் வேலை. இந்தியக் கைடு என்றால் ஷோத்கங்கா தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வருஷத்தோடு கிடைக்கும். பத்து வருஷத்தில் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், தலைப்புகள் ஒன்றின் நகலாக இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய கட்டுரைகளில் முதல் பெயர் மாணவருடையதா, எந்த இதழ் என்று பாருங்கள். காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்களாகவே இருந்தால் விலகிவிடுங்கள். அப்புறம் அந்த லேபில் இப்போது இருப்பவரிடமும், முடித்துவிட்டுப் போனவரிடமும் தனியாகப் பேசுங்கள். "சார் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நல்ல மனுஷன்" என்பார்கள். "கடைசியா யாராவது பாதியில விட்டுட்டுப் போனாங்களா, ஏன்?" என்று கேளுங்கள். "சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்த பிறகு பட்டம் வர எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் போனால் அதையும் கணக்கில் வையுங்கள்.

காலம் நெருக்கமாக வரும். அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசி நாள் டிசம்பர் முதல் வாரத்தைச் சுற்றியே இருக்கும். ஐரோப்பியப் பள்ளிகளில் பல இலையுதிர் காலத்திலேயே மூடிவிடும். ஜேகீபில்ஸ் டிசம்பர் வாக்கில், சிஎஸ்ஐஆர் நெட் வருஷத்துக்கு இரண்டு முறை. எல்லாவற்றுக்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டும், வெளிநாட்டுக்கு மூன்று. "ஒழுக்கமான மாணவி, கடின உழைப்பாளி" என்று நாலு வரி எழுதிய கடிதம் ஒன்றுக்கும் உதவாது. செப்டம்பரிலேயே உங்கள் ப்ராஜெக்ட் கைடைப் போய்ப் பாருங்கள். நீங்கள் செய்த சோதனைகள், தவறிப்போனவை, அவற்றை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அதைப் பார்த்துத்தான் அவரால் உங்களைப் பற்றி உருப்படியாக எழுத முடியும்.